இரண்டு முறை செத்தவள்

அத்தியாயம் 4

முந்நூறு பேர் படுத்திருக்கிற இடத்தில் ஒரு கல்கூட இல்லை. வெறும் புல். அதையும் ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

ஹார்லன் ரூட் வேலியோரம் நின்று தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்காக இல்லை, தலை வியர்த்திருந்தது. பக்கத்தில் அவருடைய செத்துப்போன மனைவியின் தங்கை மிர்னா, பல்லில் ஒரு புல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ரிட்டயர் ஆனதும் அத்தானுக்கு வண்டி ஓட்ட வந்துவிட்டாள். பஸ்ஸில் அறுபது பிள்ளைகளைச் சமாளித்த வாய்க்கு இப்போது கிடைத்திருப்பது ஒரே ஒரு கிழவர்.

"கல்லெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டார் ஹார்லன்.

புல் வெட்டும் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த டுவேன் கட்டைவிரலைப் பின்பக்கம் காட்டினான். "ஷெட்டுக்குப் பின்னால அடுக்கி வெச்சிருக்கு, பெரியவரே. கல்லுன்னா கல்லு இல்ல. சிமெண்டுத் துண்டு, மேல நம்பர் போட்டிருக்கும். பிளேடுல அடிபடுதுன்னு எனக்கு முன்னால இருந்தவன் எல்லாத்தையும் பிடுங்கிட்டான்."

"எந்த நம்பர் எங்க இருந்துச்சுன்னு எழுதி வெச்சாங்களா?"

"வெச்சாங்க. கீழ்த்தளத்துல தண்ணி புகுந்தப்போ அது கூழாப் போச்சு."

"பலே!" என்றாள் மிர்னா. "ஆளும் போச்சு, கல்லும் போச்சு, எழுதினதும் போச்சு. நீயாவது நிஜமா இருக்கியா, இல்ல உன்னையும் தொட்டுப் பார்க்கணுமா?"

டுவேன் இளித்தான். ஹார்லன் இளிக்கவில்லை. நாளைக்குப் பதினைந்தாம் தேதி.

விஷயம் இதுதான். பைத்தியக்கார ஆஸ்பத்திரியை மாநில அரசு இழுத்து மூடுகிறது. நிலத்தை விற்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் புதைத்தவர்களைத் தோண்டி எடுக்க வேண்டும். ஜூன் பதினைந்துக்குள் சொந்தக்காரர் யாராவது வந்து, இன்னார், இந்த இடத்தில் இருக்கிறார் என்று காட்டிக் கையெழுத்துப் போட்டால் எலும்பு அவர்கள் கைக்கு வரும். மற்றதெல்லாம் ஒரே குழியில். ஆபீசில் செத்தவர்களின் பட்டியல் இருந்தது. இடம்தான் இல்லை.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இங்கெபோர்க் ஹோவ்டே. இறந்தது 1931 செப்டம்பர். புருஷன் பெயர் ஆண்டர்ஸ் ஹோவ்டே, விவசாயி. இதை ஒரு கடிதமாக அடித்து ஆண்டர்ஸின் மகள் செல்மாவுக்கு அனுப்பியிருந்தார்கள். எழுபத்தெட்டு வயதுக் கிழவி செல்மா அதை எடுத்துக்கொண்டு நேராக ஹார்லன் வீட்டுக்கு வந்தாள்.

"எங்கம்மா பேரு இங்கெபோர்க். எங்கப்பா பேரு ஆண்டர்ஸ். ஆனா எங்கம்மா செத்தது நாப்பத்தொன்பதுல, என் மடியில. சர்ச் கல்லறையில கல்லு வெச்சு பேரு வெட்டினது நான். அப்போ இது யாரு, ஹார்லன்? தப்புன்னா தப்புன்னு சொல்லு. தப்பு இல்லைன்னா, எங்க வீட்டுப் பேரைச் சுமந்தவளை நாய் மாதிரி குழியில தள்ள விடமாட்டேன்."

பத்து நாள் அலைந்தாயிற்று. ஆண்டர்ஸுக்கு அக்கா தங்கை இல்லை. அதே பெயரில் இன்னொரு ஆண்டர்ஸ் அந்த வட்டாரத்தில் இல்லை. இன்றைக்கு இந்தப் புல்.

"ஏதாவது அடையாளம் இருக்கா? மேடு, பள்ளம், சிலுவை?" என்றார் ஹார்லன்.

"ஒண்ணும் கிடையாது. மேசை மாதிரி. ஒரே ஒரு சனியன்தான் உயிரை வாங்குது." டுவேன் இறங்கி வந்து பூட்ஸால் ஒரு இடத்தைத் தட்டினான். விரல் தடிமனில் வெட்டுப்பட்ட தண்டுகள் கொத்தாகத் தரையோடு தரையாக இருந்தன. "மொளைக்கும்போதே வெட்டறேன். எனக்கு முன்னால இருந்தவனும் வெட்டினான். மருந்தும் அடிச்சாச்சு. சாவேனாங்குது."

"களையைப் பத்திப் பேசவா அறுபது மைல் வந்தோம்?" என்று ஹார்லன் திரும்பி நடந்தார்.

ஊருக்குத் திரும்பும் சாலையில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இந்தச் சாலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஷெரீஃப் ஆபீசில் இருந்த காலத்தில், கோர்ட்டு உத்தரவு வந்தால் ஆளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிற வேலை அவருடையது. ஒரு தடவை பின் சீட்டில் ஒரு பெண். புருஷன் கையெழுத்துப் போட்டிருந்தான். கத்தவில்லை, அழவில்லை. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன், ஒரே நிமிஷம் நிறுத்துங்கள் என்று கேட்டாள். அவர் நிறுத்தவில்லை. அடுப்பை நினைத்துக் கவலைப்படுகிறவள் எப்படிப் பைத்தியமாக இருப்பாள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. அவள் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார். வராது.

"அத்தான், பல்லைக் கடிக்கிற சத்தம் இஞ்சினைத் தாண்டிக் கேக்குது" என்றாள் மிர்னா.

"நூலகத்துக்கு விடு."

பழைய காகிதங்களைப் படச்சுருளாகக் காட்டுகிற மைக்ரோஃபிலிம் மிஷினை மிர்னாதான் சுற்றுவாள். ஹார்லன் எட்டாம் வகுப்போடு நின்றவர். படிக்கும்போது உதடு அசையும், அதை யாரும் பார்ப்பது பிடிக்காது. அதைவிட முக்கியமாக, எழுத்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை கிடையாது. எழுதினவன் யார், யார் சொல்லி எழுதினான், சொன்னவனுக்கு அதில் என்ன லாபம் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் காகிதத்தைத் தொடுவார்.

1910 சென்சஸைப் போன வருஷம்தான் திறந்து விட்டிருந்தார்கள். எழுபத்திரண்டு வருஷம் பூட்டி வைப்பது வழக்கம். அதற்குள் பொய் சொன்னவர்கள் பெரும்பாலும் செத்திருப்பார்கள்.

"இந்தா, ஹோவ்டே வீடு" என்றாள் மிர்னா. "ஆண்டர்ஸ், குடும்பத் தலைவர், முப்பத்தி நாலு. இங்கெபோர்க், மனைவி, முப்பத்தொண்ணு. செல்மா, மகள், அஞ்சு. மார்ட்டின், மகன், மூணு. முடிஞ்சுது கதை. அம்மா வீட்டுல இருக்கா. ஆஸ்பத்திரிக்காரன் உளறியிருக்கான். வாங்க, காபி குடிக்கலாம்."

"ஆஸ்பத்திரிச் சுருளைப் போடு."

"அங்கேயும் சென்சஸ் எடுத்தாங்களா?"

"ஜெயிலுக்குள்ளேயே போய் எடுத்தான். பைத்தியத்தை விடுவானா?"

மிர்னா சுருளை மாற்றினாள். வார்டு வார்டாகப் பெயர்கள் ஓடின. கைப்பிடி சட்டென்று நின்றது.

"அத்தான்."

"சொல்லு."

"இங்கெபோர்க் ஹோவ்டே. நோயாளி. கல்யாணமானவ. இருபத்தெட்டு. அதே வருஷம், அதே மாசம்." அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ஒரே பொம்பளை ரெண்டு இடத்துல இருக்கா. அறுபது மைல் தூரம். அந்தக் காலத்துல குதிரை வண்டிதானே, இவ எதுல பறந்தா?"

"பேரைப் படிக்காத. பிடிபட்டவன் வாயில முதல்ல வர்ற பொய்யே பேருதான். ஜாக்கிரதையா இருக்கிறவன்கூட எங்க ஏமாறுவான் தெரியுமா? எதிர்பார்க்காத கேள்வியில. பொம்பளைங்களுக்குன்னு ரெண்டு கட்டம் இருக்குமே, எத்தனை பெத்தே, எத்தனை உயிரோட இருக்குன்னு. அதைப் பாரு."

"இந்த வார்டுல எல்லாருக்கும் காலி. யாரும் பதில் சொல்லலை போல." அவள் விரல் திரையில் ஊர்ந்தது. "இவளுக்கு மட்டும் இருக்கு. பெத்தது ரெண்டு. உயிரோட இருக்கிறது ரெண்டு."

"இப்போ வீட்டுக்காரி."

மறுபடி சுருள் மாறியது. மிர்னா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"பூஜ்யம். பூஜ்யம்."

"நல்லாப் பாரு."

"பஸ் ஓட்டினவ கண்ணு, அத்தான். பூஜ்யம். அதுக்கு நேர் கீழ ரெண்டு பிள்ளைங்க நிக்குது. மகள் ஒண்ணு, மகன் ஒண்ணு."

ஹார்லன் நாற்காலியில் சாய்ந்தார். நிமிஷத்தில் எல்லாம் பொருந்தியது. பெண்டாட்டியை உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நிற்கிறான் ஒருத்தன். வேலைக்கு ஒருத்தி வருகிறாள். பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்றால் அன்றைக்கு விவாகரத்து கிடையாது. சர்ச்சில் கேள்வி கேட்பார்கள். எட்டு மைல் சுற்றளவில் அக்கம்பக்கம் கிடையாது. பெயரை எடுத்து இவளுக்கு மாட்டிவிட்டான். இவளும் அதை மாட்டிக்கொண்டாள்.

"ஆண்டர்ஸ் வீட்டுல இருந்தா ரெண்டு, ரெண்டுன்னு சொல்லியிருப்பான்" என்றார். "அன்னிக்கு அவன் வயல்ல. வாசல்ல நின்னு பதில் சொன்னது இவ. பொய்ப் பேரைச் சொல்லிட்டா. பெத்த கணக்கைக் கேட்டதும் வாய் தடுமாறிடுச்சு."

"சரி, இன்னொண்ணு சொல்லுங்க. மூணு வருஷமா கம்பிக்குள்ள இருக்கிறவளுக்குப் பிள்ளைங்க ரெண்டும் உயிரோட இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தாய்."

"போங்க அத்தான். ஒரு வாரக் காய்ச்சல்ல வீட்டையே காலி பண்ணின காலம் அது. தாய்ன்னா தந்தியா வரும்?"

ஹார்லன் பதில் தெரியாத கேள்வியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். அதுதான் அன்றைக்கு அவர் செய்த தப்பு.

செல்மா ருபார்ப் தண்டு போட்ட இனிப்புப் பை சுட்டு வைத்திருந்தாள். காபியை ஊற்றினாள். ஹார்லனுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. முள்கரண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"தப்பு இல்லை, செல்மா அக்கா. ஆஸ்பத்திரியில செத்தவதான் உங்களைப் பெத்தவ. நீங்க அம்மான்னு அடக்கம் பண்ணினது வேலைக்கு வந்தவ. உங்கம்மா இடத்தைத் திருடினா, பேரைத் திருடினா. அவளை வெளியே விடாம பார்த்துக்கிட்டதுலயும் இவ கை இருக்கும். வெளியே வந்தா இவளுக்கு இடம் ஏது?"

மேசைக்கு அடியில் மிர்னா உதைத்தது அவருடைய முழங்காலில் சரியாகப் பட்டது. காலம் கடந்து பட்டது.

செல்மா கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அடுப்பங்கரைச் சுவரில் அவளை வளர்த்தவளின் போட்டோ மாட்டியிருந்தது: அகலமான கைகள், கேமராவைப் பார்க்காத கண்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

"எப்படித் தெரியும்?" என்றாள்.

மிர்னா மெதுவாகச் சொன்னாள், கட்டங்களை, இரண்டு பூஜ்யத்தை, இரண்டு இரண்டை.

"பூஜ்யம்னா சொன்னா?" செல்மா உட்கார்ந்தாள். "அவளே?"

"அவளே."

"ஹார்லன், நீ எத்தனை திருடனைப் பார்த்திருப்பே?"

"கணக்கில்லை."

"பாதியைத் திருடிட்டு மீதியைத் தொடாம வெச்சவனைப் பார்த்திருக்கியா? பேரைச் சொன்னா. பிள்ளைங்களை என்னோடதுன்னு சொல்லலை. ஒரு நம்பர்தானே? சொல்லியிருக்கலாமே. யாரு கேக்கப் போறா?" அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "அம்மான்னு கூப்பிட்டா உடனே திரும்ப மாட்டா. ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் திரும்புவா. காது மந்தம்னு நானும் மார்ட்டினும் சிரிப்போம். சாகிற வரைக்கும் கேலி பண்ணியிருக்கேன்."

பையின் மேல் சர்க்கரை உருகிக்கொண்டிருந்தது. ஹார்லன் எதையாவது சொல்லவேண்டும் என்று தேடினார். போலீஸ்காரன் வாயில் அந்த நேரத்துக்கு ஏற்ற வார்த்தை வரவில்லை. கேள்விதான் வந்தது.

"அவ வெளியூர் எங்கேயாவது போவாளா? தனியா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை. ஜூன்ல. முற்றத்துல பியோனிச் செடி பூத்ததும் பூவை அறுத்து, பன்றிக்கொழுப்பு வர்ற தகர வாளியில ஈரத்துணி போட்டு வெச்சு, ரயில் ஏறிப் போவா. ராத்திரிக்குள்ள காலி வாளியோட வந்துடுவா. யாருக்கும்மான்னா, ஒரு சிநேகிதிக்குன்னு சொல்வா. சிநேகிதி கல்லறைக்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

"ஜூன்லயா?" என்றாள் மிர்னா. "கல்லறைக்குப் பூ வைக்கிற நாள் மே கடைசியோட முடிஞ்சு போயிடுமே. எல்லாரும் லைலாக் பூதான் கொண்டு போவோம். பியோனி அப்போ மொட்டுகூட விரிஞ்சிருக்காது. ஜூன்ல யாரு செத்தவங்களுக்குப் பூ..."

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"செத்தவங்களுக்கு இல்லை" என்றார் ஹார்லன்.

நகர்த்தி வைத்த கேள்வி தானாக முன்னால் வந்து நின்றது. கம்பிக்குள் இருந்தவளுக்குப் பிள்ளைகள் இரண்டும் உயிரோடு இருப்பது எப்படித் தெரியும்? போய்ச் சொன்னவள் இருந்தாள். வாளியோடு போய்ச் சொன்னாள்.

"அந்தச் செடி யாரு வெச்சது, அக்கா?"

"அவ இல்லை. அவ வர்றதுக்கு முன்னாலயே இருந்ததுன்னு அப்பா ஒரு தடவை சொன்னார். கல்யாணமான வருஷம் நட்டதுன்னு..." செல்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அவளோடதையேவா அவளுக்குக் கொண்டு போனா?"

"கடைசியா எப்போ போனா?"

"முப்பத்தொண்ணுல. அந்த வருஷம் ஜூன்லயும் போனா, மறுபடி குளிர் ஆரம்பிக்கும்போதும் போனா. பூ ஏது அப்போ? மண்வெட்டியை எடுத்துக் கிழங்கைப் பாதியா வெட்டி, ஈரச் சாக்குல சுத்தி வாளியில வெச்சா. குளிர்ல எவனாவது நடுவானான்னு கேட்டேன். இது குளிர்லதான் வேர் பிடிக்கும்னா. அதுக்கப்புறம் ரயில் ஏறவே இல்லை. முற்றத்துல செடிக்கு ஒரு பக்கம் இன்னும் பள்ளமாத்தான் இருக்கு."

ஹார்லனின் காதில் ஒரு குரல் கேட்டது. *சாவேனாங்குது.* அதற்கு அவர் சொன்ன பதிலும் கேட்டது.

"மிர்னா, வண்டியை எடு."

"பை?"

"விடு!"

"எனக்குத்தான் கேட்டேன். அக்கா, நீங்களும் வாங்க. உங்க அம்மாவை அத்தான் காலையில பூட்ஸுக்குப் பக்கத்துல பார்த்துட்டு, களைன்னு சொல்லிட்டு வந்தாரு."

டுவேன் அன்றைக்கு இரண்டாவது தடவையாக வண்டியை விட்டு இறங்கினான். செல்மா புல்லில் மெதுவாக நடந்து வந்தாள். ஒரு கையில் மிர்னாவின் தோள், இன்னொரு கையில் ஒரு பழைய தகர வாளி. அதை ஏன் எடுத்துக்கொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

வெட்டுப்பட்ட தண்டுகளை அவள் குனிந்து பார்த்தாள். மிஷின் படாத ஓரத்தில் ஒரு சின்னக் குருத்து எழும்பியிருந்தது, கருஞ்சிவப்பாக, குழந்தை விரல் மாதிரி. இலையைக் கசக்கி முகர்ந்தாள்.

"எங்க முற்றம்" என்றாள்.

"இந்த இடம் பூரா இது ஒண்ணுதான், இல்லையா?" என்று ஹார்லன் டுவேனைக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. பெரியவரே, நான் தெரிஞ்சு வெட்டலை..."

"நானும் தெரிஞ்சு சொல்லலை. ஆபீஸ் ஆளைக் கூட்டிட்டு வா."

ஆபீஸ் ஆள் படிவத்தோடு வந்தான். செடியைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முதலில் தயங்கினான். மிர்னா அவனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ சொன்னாள். திரும்பி வந்தபோது தயக்கம் இல்லை. செல்மா வண்டியின் பானட்டில் வைத்து எழுதினாள். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு 'மகள்' என்று எழுதினாள்.

"சர்ச்சுக்குக் கொண்டு போறேன்" என்றாள். "அங்க இவ பேரு வெட்டின கல்லு ஏற்கெனவே நிக்குது. முப்பத்தி நாலு வருஷமா இவளுக்காகக் காத்துக்கிட்டு. இவ அதுக்குக் கீழ படுக்கட்டும், அவ பக்கத்துல."

"நல்லது அக்கா" என்றாள் மிர்னா.

"என்ன நல்லது?" செல்மா திரும்பினாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. "கல்லு இல்லாதவளுக்குப் பேரு கிடைச்சுது. கல்லு இருக்கிறவளுக்கு? நாப்பது வருஷம் எனக்கு ரொட்டி சுட்டுப் போட்டவ பேரு என்ன, ஹார்லன்? எந்த ஊரு? யாரு பெத்தா? நான் ஒரு நாள் கேக்கலை. கேக்கணும்னே தெரியலை. இப்போ யாரைக் கேக்கிறது? நீ போற சென்சஸ்ல எல்லாம் அவ எங்கம்மா பேருல இருக்கா. அவ பேருல அவ எங்கேயுமே இல்லையே."

ஹார்லன் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் ரொட்டி இருக்கிறது, ஒரே நிமிஷம் என்ற குரல் பின் சீட்டிலிருந்து வந்தது. செல்மாவை வளர்த்தவளைத் திருடி என்றது அவர் வாய்தான். பின் சீட்டுக்காரியின் பெயரை மறந்ததும் அவர்தான். இரண்டு பெயர் பாக்கி.

"தேடறேன், அக்கா" என்றார்.

செல்மா வாளியை நீட்டினாள். "இதுல பாதி வெட்டிக் கொடு."

"குளிர்லதான் வேர் பிடிக்கும்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க" என்றாள் மிர்னா.

"இதுவா பிடிக்காது? அம்பது வருஷம் மிஷினை விட்டு வெட்டியும் நிக்குது. இது என்னை வளர்த்தவளுக்கு. கல்லுல தன் பேரு இல்லாம அவ படுத்திருக்கிற பக்கத்துல நடப் போறேன்."

டுவேன் மண்வெட்டி எடுக்க ஓடினான். ஹார்லன் காத்திருக்கவில்லை. முழங்காலை மடக்கிப் புல்லில் உட்கார்ந்து, தண்டுகளைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளற ஆரம்பித்தார். மண் இறுகிப்போயிருந்தது. நகம் பிய்ந்தது.

மிர்னா பக்கத்தில் குனிந்தாள். வழக்கமான கேலி வரும் என்று அவர் கழுத்தைக் குறுக்கிக்கொண்டார்.

"மன்னிப்புக் கேக்க உங்களுக்கு வாய் வராது, அத்தான்" என்றாள் அவள், செல்மாவுக்குக் கேட்காத குரலில். "கை வருது. தோண்டுங்க."

அவர் தோண்டினார்.